வாயை மூடச் சொன்ன இரண்டு வருடம்

என் மகளுக்கு இப்போது பத்து முடியப் போகிறது. ஏழு வயதிலிருந்தே வாய் திறந்தபடிதான் இருப்பாள். டிவி பார்க்கும்போது, வீட்டுப்பாடம் எழுதும்போது, அல்சூரில் ஏறி மெஜஸ்டிக் போகும் பெங்களூர் மெட்ரோவில் கதவோரம் நின்று வேடிக்கை பார்க்கும்போது என்று எந்நேரமும். நான் "வாயை மூடு பாப்பா" என்பேன். மூடுவாள். அரை நிமிடம்கூடத் தாங்காது, உதடு தானாகப் பிரிந்துவிடும். என் அம்மா "ஈ பூந்துடப் போவுதுடி" என்று சிரிப்பார். நகம் கடிப்பது மாதிரி இதுவும் ஒரு கெட்ட பழக்கம், சொல்லிச் சொல்லித் திருத்திவிடலாம் என்றுதான் இரண்டு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் அவளே சொன்னாள்: "மூடுனா மூச்சு வரலப்பா." அதைக் கேட்டும், சளியாக இருக்கும், ராத்திரி ஆவி பிடி என்று சொல்லிவிட்டு லேப்டாப் பக்கம் திரும்பிக்கொண்டேன். இந்தப் பதிவில் என்னை நான் திட்டிக்கொள்ளும் இடம் இது ஒன்றுதான், சீக்கிரம் கடந்துவிடுகிறேன்.

உண்மையில் முதலில் கவனித்தது என் அம்மா. நாங்கள் கோலார் தங்கவயல்காரர்கள். அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் இரைப்பு இருந்தது, அம்மா பல வருடம் ராத்திரி படுத்தபடியே அவர் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தவர். பேத்தி பக்கத்தில் படுப்பதால் அவருக்குத்தான் தெரிந்திருக்கிறது. "குழந்த தூங்குற மாதிரி இல்லடா, வேல செய்யிற மாதிரி இருக்குது" என்றார். போய்ப் பார்த்தேன். தலையைப் பின்னால் மடக்கி, கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து, சின்ன ரம்பம் அறுப்பது போலக் குறட்டை. தலையணையில் எச்சில் வட்டம். காலையில் உதடு வெடித்திருக்கும், கண்ணுக்குக் கீழே கருப்பு. இதையெல்லாம் தனித்தனியாகப் பார்த்திருக்கிறேன். சேர்த்துப் பார்த்ததில்லை.

அதற்கு ஆறு மாதம் முன்னால்தான் வேறு காரணத்துக்காக ஒரு பல் மருத்துவமனைக்குப் போயிருந்தோம். பெயர் வேண்டாம். மேல்வரிசைக் கடைவாய்ப்பற்கள் கீழ்வரிசைக்கு உள்ளே போய்க் கடிக்கின்றன, முன்பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன என்று காட்டியதற்கு, "எல்லாப் பல்லும் விழுந்து முளைக்கட்டும், பதிமூணு வயசுல நாலு பல்ல எடுத்துட்டு கிளிப் போட்டா சரியாயிடும்" என்று அனுப்பிவிட்டார்கள். எனக்கும் பதினாலு வயதில் அதேதான் நடந்தது. தங்கவயலிலிருந்து ரயிலேறி பெங்களூர் வந்து வந்து, நாலு பல்லைக் கொடுத்து, இரண்டு வருடம் கம்பி கட்டிக்கொண்டு திரிந்தேன். அதனால் அந்தப் பதில் எனக்கு இயல்பாகவே பட்டது. மூக்கைப் பற்றி அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பல் டாக்டரிடம் யாராவது குறட்டையைப் பற்றிச் சொல்வார்களா?

அலுவலகத் தோழி ஒருத்தி சொல்லி, காக்ஸ் டவுன் பக்கம் இருக்கும் ஓர் ஆர்த்தோடான்டிஸ்டிடம், அதாவது பல்வரிசையையும் தாடையையும் சீர்செய்யும் மருத்துவரிடம், போனோம். கன்னடக்கார அம்மா, ஐம்பது வயது இருக்கும். "பாயி தெகி புட்டா" என்றதும் இவள் வாயைத் திறந்தாள். பல்லைப் பார்ப்பதற்கு முன்னால் இவள் உட்கார்ந்திருந்த விதத்தைத்தான் அவர் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் எங்களிடம் கேட்ட முதல் கேள்வியே, ராத்திரி குறட்டை விடுவாளா என்பதுதான். எனக்கு வியர்த்தது.

பிறகு ஒரு காரியம் செய்தார். பல் பிடுங்கும்போது கன்னத்தில் அடக்குவார்களே, அந்தப் பஞ்சு உருளை, ஒன்றரை அங்குலம் நீளம் இருக்கும், அதை எடுத்து மேல்வாயில் இடமிருந்து வலமாகக் கிடத்திப் பார்த்தார். இரண்டு பக்கத்துக் கடைவாய்ப்பற்களுக்கும் நடுவே அது படுக்கவே இல்லை, நடுவில் வளைந்து வில் மாதிரி நின்றது. "நோடி" என்று கண்ணாடியைப் பிடித்து எங்களுக்கும் காட்டினார். உருளை ஒரு குத்துமதிப்புதான். அப்புறம் அச்செடுத்து, மாவுக்கல் மாதிரி வெள்ளையாக ஒரு வார்ப்புச் செய்து அளந்தபோது, ஆறு வயதில் முளைக்கும் அந்த முதல் நிரந்தரக் கடைவாய்ப்பற்கள் இரண்டுக்கும் இடையே, நாக்குப் பக்கம், 29 மி.மீ. இருந்தது. 35-லிருந்து 39 மி.மீ. இருந்தால் சாதாரண அளவுப் பற்கள் எல்லாவற்றுக்கும் இடம் கிடைக்கும், 31-க்குக் கீழே போனால் நெருக்கடிதான் என்பது அவர்கள் கையாளும் ஒரு கணக்காம். வளரும் பிள்ளைக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கலாம், ஆனால் 29 குறைவுதான் என்றார்.

சரி, பல்லுக்கு இடமில்லை, புரிகிறது. மூச்சுக்கும் அதற்கும் என்ன? அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். மாடி வீட்டில் குடியிருப்பவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். கீழ்வீட்டுக் கூரைதான் மேல்வீட்டுத் தரை. வாயின் மேற்கூரையாகிய அண்ணம்தான் மூக்கின் தரை. இரண்டும் ஒரே எலும்பு. கீழ்வீடு குறுகலாகக் கட்டப்பட்டிருந்தால் மேல்வீடு மட்டும் எப்படி அகலமாக இருக்கும்? இவளுடைய அண்ணம் குறுகியது மட்டுமல்ல, நடுவில் உயர்ந்தும் இருந்தது. பல்வரிசை குதிரை லாடம் போல வளையாமல் ஆங்கில வி எழுத்துப் போல முன்னால் கூராகியிருந்தது.

இது ஏன் இப்படி ஆகிறது என்பதில்தான் எனக்குச் சுவாரசியமே. வாயை மூடி மூக்கால் மூச்சு விடும்போது நாக்கு எங்கே இருக்கிறது என்று இப்போதே கவனித்துப் பாருங்கள். மேலே அண்ணத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து கன்னத் தசை பற்களை உள்நோக்கி லேசாக, ஆனால் நாள் முழுக்க, அழுத்திக்கொண்டே இருக்கிறது. உள்ளிருந்து நாக்கு அதற்கு ஈடுகொடுக்கிறது. வளரும் பிள்ளையின் மேல்தாடைக்கு நாக்குதான் அச்சு. மூக்கு அடைத்துக்கொண்டால் வாய் திறக்க வேண்டும், காற்றுக்கு வழிவிட நாக்கு கீழே இறங்க வேண்டும். அச்சு விலகிவிட்டது, கன்னம் மட்டும் அழுத்துகிறது. நாலைந்து வருடம் இப்படிப் போனால் வரிசை குறுகத்தானே செய்யும். கட்டைவிரல் சூப்பும் பிள்ளைகளுக்கும் ஏறக்குறைய இதே கதைதான்.

ஆனால் எது முதல், எது பின் என்பது அவ்வளவு நேரானதில்லை. மூக்கடைப்பால் தாடை குறுகியதா, பரம்பரையாகக் குறுகிய தாடையால் மூக்கு ஒடுங்கியதா? என் வாயும் குறுகல்தான், அதனால் இவளுடைய கணக்கில் என் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. எகில் ஹார்வோல்ட் என்பவர் 1970-களில் குரங்குக் குட்டிகளின் மூக்கை அடைத்து வளர்த்துப் பார்த்தார். பாவம்தான். அவற்றின் தாடையும் பல்லும் மாறின, ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி மாறவில்லை, ஒவ்வொன்றும் வாயைத் திறந்து வைத்துக்கொள்ளக் கண்டுபிடித்த வழிக்கேற்ப மாறின. ஸ்வீடனில் லிண்டர்-ஆரன்சன் என்பவர் 1970-லிருந்து அடினாய்டு (மூக்குக்குப் பின்னால் இருக்கும் சதை) வீங்கிய பிள்ளைகளைப் பின்தொடர்ந்தார். அவர்களுக்கு நீண்ட முகமும் ஒடுங்கிய மேல்வரிசையும் அதிகமாக இருந்தன. அடினாய்டை எடுத்து மூக்கால் மூச்சுவிடத் தொடங்கியதும் ஓரளவுக்குச் சீர்பட்டன. அதனால் மூக்குக்கு இதில் கை இருக்கிறது என்பது நிச்சயம், ஆனால் வாய் திறந்திருக்கும் எல்லாப் பிள்ளைக்கும் தாடை குறுகிவிடும் என்றும் இல்லை.

எனக்கு அந்த டாக்டர் மேல் மரியாதை வந்தது அடுத்து அவர் சொன்னதில்தான். "நான் இப்பவே எக்ஸ்பாண்டர், அதாவது தாடைய விரிக்கிற கருவி, மாட்டலாம். ஆனா முதல்ல ஈ.என்.டி. பாத்துட்டு வாங்க. வழி அடைச்சிருந்தா நான் அகலப்படுத்தி என்ன பிரயோஜனம்?"

ஈ.என்.டி. டாக்டர் படமெடுத்துப் பார்த்தார். மூக்குக்குப் பின்னால், தொண்டைக்கு மேலே இருக்கும் அடினாய்டு நடுத்தர வீக்கம். டான்சில் சிறியதுதான். மூக்குக்குள் சதை வெளிறி உப்பியிருந்தது, அதாவது அலர்ஜி. பெங்களூரில் மூக்கு அடைக்காத ஆளை நான் பார்த்ததில்லை. குளிர், மகரந்தம், எப்போதும் எங்காவது தோண்டிக்கொண்டே இருக்கும் ரோட்டுத் தூசு, போதாததற்கு மெத்தையில் குடியிருக்கும் தூசுப் பூச்சி. மனைவி போனில் எடுத்திருந்த தூக்க வீடியோவை இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தார். மூச்சு இடையில் நின்று திணறி மறுபடி வருகிறதா என்பதுதான் அவருக்கு முக்கியம். அப்படி இருந்தால் தூக்கப் பரிசோதனை, அதில் நிச்சயமானால் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் முதல் வைத்தியம் அடினாய்டையும் டான்சிலையும் எடுப்பதுதான். இவளுக்கு அப்படித் திணறல் இல்லை. மூன்று மாதம் ஸ்டீராய்டு ஸ்ப்ரே, ராத்திரியில் உப்புத்தண்ணீரால் மூக்கு கழுவுவது, தலையணை உறையை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைப்பது. ஸ்ப்ரேயை மூக்கின் நடுச்சுவரைப் பார்த்து அடிக்கக் கூடாது, காதுப் பக்கம் சாய்த்து அடிக்க வேண்டும் என்று அவரே கையைப் பிடித்துக் காட்டினார். நான் அதுவரை எனக்கே தப்பாகத்தான் அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மூன்று மாதத்தில் குறட்டை பாதியாகக் குறைந்தது. வாய் மட்டும் இன்னும் திறந்துதான் இருந்தது, பல்லும் உள்ளேயேதான் கடித்தது. ஸ்ப்ரே எலும்பை அகலப்படுத்தாது.

எக்ஸ்பாண்டர் என்பது பார்க்க ஒரு சின்ன மோட்டார் பாகம் மாதிரி இருக்கும். இரண்டு பக்கத்துக் கடைவாய்ப்பற்களிலும் வளையம், அவற்றிலிருந்து வரும் தடித்த கம்பிகள், நடுவில் ஒரு திருகு. மேல்தாடை பிறவியிலேயே இடம், வலம் என்று இரண்டு துண்டு. நடுவில் ஒரு தையல்கோடு இருக்கிறது. சின்ன வயதில் அது லேசாக ஒட்டிய ஜிப் மாதிரி. பருவம் ஏற ஏற இரண்டு ஓரமும் பல்லுப்பல்லாகக் கோத்துக்கொண்டு இறுகிவிடும், பெண் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் முன்னாலேயே. பதிமூன்று வரை காத்திருங்கள் என்று முதல் இடத்தில் சொன்னதில் எனக்கு இருக்கும் கோபம் இதுதான். கிளிப்புக்குக் காத்திருக்கலாம், கம்பி எந்த வயதிலும் பல்லை நகர்த்தும். இந்த ஜிப்புக்குக் காத்திருக்க முடியாது.

சாவி ஒரு ஊசி மாதிரி, முனை வளைந்திருக்கும். தொண்டைக்குள் நழுவிவிடாமல் இருக்க அதில் நூல் கட்டி என் விரலில் சுற்றிக்கொள்ளச் சொன்னார்கள். திருகின் முன்பக்கத் துளையில் சாவியை நுழைத்து, தொண்டைப் பக்கமாகத் தள்ள வேண்டும், அடுத்த துளை முன்னால் வந்து முழுசாகத் தெரியும் வரை. ஒரு திருகுக்கு 0.25 மி.மீ. காலை ஒன்று, ராத்திரி ஒன்று. பதினாலு நாள், இருபத்தெட்டு திருகு, 7 மி.மீ. இதற்கு முழுச் செலவு 28,000 ரூபாய் ஆனது, அதாவது திருகுக்கு ஆயிரம் என்று என் மனைவி கணக்குப் போட்டாள்.

தீபாவளி முடிந்த ஞாயிற்றுக்கிழமை ராத்திரி முதல் திருகு. இவளைக் கட்டிலில் குறுக்காகப் படுக்கவைத்து, தலை என் மடியில், மனைவி போன் டார்ச்சைப் பிடிக்க, அம்மா வாசலில் நின்றுகொண்டு "பாத்துடா, பாத்துடா" என்று சொல்ல, என் கை நடுங்கியதில் மூன்று தடவை துளையைத் தவறவிட்டேன். நாலாவது தடவை சாவி உட்கார்ந்தது. தள்ளினேன். எந்தச் சத்தமும் இல்லை. "அவ்ளோதானா?" என்றாள். காலண்டரில் ஒரு கோடு போட்டுக்கொண்டாள். மூன்றாம் நாள் ஒரு தப்பு செய்தேன். தள்ளி முடித்து சாவியை எடுக்கும்போது முன்பற்கள் பக்கமாக இழுத்துவிட்டேன், பாதி திருகு திரும்பி வந்துவிட்டது, அடுத்த துளை முன்னாலும் இல்லை பின்னாலும் இல்லை. ராத்திரி ஒன்பதரை. கிளினிக் உதவியாளர் வீடியோ காலில் வந்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடிக்கச் சொல்லி, இருந்த துளையின் ஓரத்தைக் கண்டுபிடிக்க வைத்தார். சாவியை எடுக்கும்போது கீழ்நோக்கி, நாக்குப் பக்கம் எடுக்க வேண்டும். இதை யாராவது செய்யப் போகிறீர்கள் என்றால் இந்த ஒரு வரியை மட்டும் எழுதி ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள்.

வலி இல்லை என்று சொல்ல மாட்டேன். திருகிய ஐந்து நிமிடம் மூக்குத் தண்டிலும் இரண்டு கண்ணுக்கு நடுவிலும் ஏதோ அழுத்துகிறது என்பாள், தும்முவாள், அப்புறம் மறந்துவிடுவாள். பேச்சில் ச, ஸ எல்லாம் நனைந்து வந்தன. ஒரு வாரத்தில் சரியானது. சாப்பாடுதான் பெரும்பாடு. கம்பிக்கும் அண்ணத்துக்கும் நடுவே சோறு போய் அடைந்துகொள்ளும், ஊசி இல்லாத சிரிஞ்சில் தண்ணீர் பீய்ச்சி எடுப்போம். கீழ்வீட்டு கௌடரம்மாதான் வழி சொன்னார். ராகி முத்தையை, அதாவது களி உருண்டையை, மெல்லக் கூடாது, குழம்பில் தோய்த்து அப்படியே விழுங்க வேண்டும் அல்லவா? எக்ஸ்பாண்டருக்கென்றே செய்த சாப்பாடு. தமிழ்நாட்டுச் சொந்தக்காரர்கள் முத்தையைக் கண்டால் முகம் சுளிப்பார்கள், இவள் அந்த இரண்டு வாரத்தில் மேல்பாதி கன்னடத்தியாகிவிட்டாள்.

எட்டாம் நாள் காலை பல் விளக்கிக்கொண்டிருந்தவள் "அம்மா!" என்று கத்தினாள். இரண்டு முன்பற்களுக்கும் நடுவே சந்து. ராத்திரி இல்லை, காலையில் இருக்கிறது. தீக்குச்சி நுழையும். முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள், இது வந்தால்தான் எலும்பு பிரிகிறது என்று அர்த்தம், வராவிட்டால்தான் கவலை என்று. தெரிந்திருந்தும் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மா மட்டும் "முன்பல்லுல சந்து இருந்தா அதிர்ஷ்டம்டி, உங்க தாத்தாவுக்கு இருந்துச்சு" என்று பேத்தியைத் தேற்றினார். பதினாலாம் நாள் அந்த அதிர்ஷ்டம் ரொம்பவே பெரிதாகியிருந்தது. பள்ளியில் எல்லாரும் வந்து பார்த்தார்களாம், இவள் இரண்டு நாள் கதாநாயகி. அப்புறம் ஈறுக்குள் இருக்கும் நார்கள் ரப்பர் பேண்டு மாதிரி இழுத்து, யாரும் எதுவும் செய்யாமலே மூன்று மாதத்துக்குள் சந்து மூடிக்கொண்டது. இந்தச் சந்து விழுவது புதிய செய்தியும் அல்ல. சான் பிரான்சிஸ்கோவில் எமர்சன் ஏஞ்சல் என்ற பல் மருத்துவர் 1860-ல் பதினாலரை வயதுப் பெண்ணுக்குத் திருகு வைத்து, இரண்டே வாரத்தில் முன்பற்கள் விலகியதைப் பார்த்து, தாடை எலும்பே பிரிந்துவிட்டது என்று எழுதினார். அப்போது பலர் நம்பவில்லை. ஆண்ட்ரூ ஹாஸ் என்பவர் பன்றிகளிலும் பிறகு நோயாளிகளிலும் செய்து 1961-ல் எழுதிய பிறகுதான் இது பரவலானது. அவருடைய கட்டுரைத் தலைப்பிலேயே மூக்கறையும் இருந்தது.

திருகி முடித்ததும் திருகைப் பசை வைத்து அடைத்து ஆறு மாதம் அப்படியே விட்டார்கள். பிரிந்த இடத்தில் புது எலும்பு நிரம்ப வேண்டும், அவசரப்பட்டுக் கழற்றினால் பழையபடி கூடிக்கொள்ளும். வேண்டுமென்றே கொஞ்சம் அதிகமாகவே விரிப்பதும் இதற்குத்தான். கழற்றி அளந்தபோது 35 மி.மீ.க்குக் கொஞ்சம் மேலே. கடி சரியானது. முன்பெல்லாம் கடிக்கும்போது தாடையை இடது பக்கம் தள்ளித்தான் கடிப்பாள், பள்ளி போட்டோவில்கூட முகவாய் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும். இப்போது நடுவில் நிற்கிறது.

மூச்சு? இங்கேதான் நான் ஜாக்கிரதையாக எழுத வேண்டும். வாயை மூடித் தூங்குகிறாள், பெரும்பாலும். குறட்டை சளி பிடித்தால் மட்டும். காலையில் உதடு வெடிப்பதில்லை. ஆனால் இதில் ஸ்ப்ரே எவ்வளவு, திருகு எவ்வளவு, ஒரு வயது கூடியது எவ்வளவு? அடினாய்டு எப்படியும் இந்த வயதுக்கு அப்புறம் சுருங்கத் தொடங்கும். நேர்மையாகச் சொன்னால் என்னால் பங்கு பிரிக்க முடியாது, டாக்டரும் பிரிக்கவில்லை. எலும்பு ஆப்பு மாதிரித்தான் விரிகிறது, கீழே பல் பக்கம் அதிகம், மேலே மூக்குப் பக்கம் குறைவு, முன்னால் அதிகம், பின்னால் குறைவு. அதனால் பல்லில் 6 மி.மீ. என்றால் மூக்குக்குக் கிடைப்பது அதில் ஒரு பங்குதான். அந்தப் பங்கே சிலருக்குப் பெரிய வித்தியாசம், சிலருக்கு ஒன்றும் தெரியாது.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இடையில் இன்னொரு இடத்துக்கும் போனோம், அதற்கும் பெயர் இல்லை. கண்ணாடிச் சுவர், காபி மெஷின், சுவரெல்லாம் காற்றுப்பாதைப் படம். குடும்பப் பேக்கேஜ் என்றார்கள். மகளுக்கு விரிப்பான், எனக்கு விரிப்பான், குறட்டையே விடாத என் மனைவிக்கும் ஒன்று. பரீட்சை மதிப்பெண் கூடும், கவனம் கூடும், உயரம்கூட வளரும் என்ற ரீதியில் போனது பேச்சு. எனக்குப் பதினாலு வயதில் பல் எடுத்ததால்தான் நாக்குக்கு இடம் போய், காற்றுப்பாதை நசுங்கி, குறட்டை வந்தது என்றும் ஒரு அம்மா பயமுறுத்தினார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. அடுத்த தடவை காக்ஸ் டவுன் டாக்டரிடம் கேட்டேன். அமெரிக்க ஆர்த்தோடான்டிஸ்டுகள் சங்கம் 2019-ல் இதற்கென்றே ஒரு குழு போட்டு அறிக்கை வெளியிட்டிருக்கிறது என்று எடுத்துக் காட்டினார். பல் எடுப்பதால் தூக்கத்தில் மூச்சு நிற்கும் நோய் வருகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. குறுகிய தாடை இருக்கும் பிள்ளைக்கு விரித்தால் மூச்சுக்கும் நன்மை வரலாம், ஆனால் தாடை அகலமாக இருக்கும் பிள்ளைக்கு மூச்சுக்காக மட்டும், வருமுன் காக்க என்று, விரிக்கக் கூடாது. அவ்வளவுதான் சாரம். "நிம்ம குறட்டைக்கு முதல்ல தொப்பையப் பாருங்க" என்றார், இதை அறிக்கையில் பார்த்துச் சொல்லவில்லை.

என் மச்சானுக்கு முப்பத்திநாலு. இவள் கதையைக் கேட்டுவிட்டு, அதே சாவியைக் கொடு, நானும் திருகிக்கொள்கிறேன் என்கிறான். அவன் வயதில் அந்த ஜிப் இறுகிவிட்டது. வெறும் பல்லில் மாட்டித் திருகினால் எலும்பு நகராமல் பல் மட்டும் வெளிப்பக்கம் சாயும், வேர் எலும்பைத் தாண்டும், ஈறு இறங்கும். பெரியவர்களுக்கு அண்ணத்தில் சின்ன ஸ்குரூக்களை இறக்கி அதில் மாட்டும் முறை இருக்கிறது, மார்ப் என்கிறார்கள், இளவயதுக்காரர்கள் பலருக்குப் பிரிகிறது, எல்லாருக்கும் அல்ல. அதற்கும் மசியாவிட்டால் அறுவை செய்து எலும்பைத் தளர்த்தித்தான் விரிக்க வேண்டும். இதில் எதற்கும் போகும் முன் ஒரு ராத்திரி தூக்கப் பரிசோதனை செய்துகொள்ளடா என்றேன். பெரியவர்களுக்கு மணிக்கு ஐந்து தடவைக்கு மேல் மூச்சு தடைபட்டால் கணக்கில் எடுக்கிறார்கள், பிள்ளைகளுக்கு ஒன்றே அதிகம். இன்னும் அவன் போகவில்லை. அதற்குப் பதில் நாக்கை மேலே ஒட்டவைத்தால் முகமே மாறிவிடும் என்று போனில் பையன்கள் செய்யும் மியூயிங்கைச் செய்துகொண்டிருக்கிறான். நாக்கு மேலே இருப்பது நல்லதுதான். முப்பத்திநாலு வயது எலும்பை அது நகர்த்தும் என்று நம்புவதற்கு மட்டும் நிறைய நம்பிக்கை வேண்டும்.

அம்மாவுக்கு வேறு கட்சி. "நாங்க எல்லாம் கரும்பு கடிச்சோம், முறுக்கு கடிச்சோம், இதுங்க நூடுல்ஸ உறிஞ்சுதுங்க, தாட எப்பிடி வளரும்?" முதலில் சிரித்தேன். ஆனால் மெல்லத் தேவையில்லாத உணவுக்கும் ஒடுங்கும் பல்வரிசைக்கும் தொடர்பு உண்டு என்று மானுடவியலில் ராபர்ட் கொருச்சினி போன்றவர்கள் வருடக்கணக்கில் எழுதியிருக்கிறார்கள், அம்மா ஒன்றும் தனியாக இல்லை. ஒன்பது வயதில் முறுக்கு கொடுத்து 6 மி.மீ. வராது என்பது வேறு விஷயம்.

இப்போது ராத்திரிக்கு மட்டும் கழற்றி மாட்டும் பிளேட் போட்டுக்கொள்கிறாள். பழைய எக்ஸ்பாண்டரைக் கேட்டு வாங்கி வந்து பென்சில் டப்பாவில் வைத்திருக்கிறாள், சாவியும் நூலோடு இருக்கிறது. கிளிப் பின்னால் தேவைப்படும், அதை டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார். இடம் கிடைத்ததால் பல் எடுக்காமல் முடிக்கலாம் என்று நினைக்கிறார், வாக்குக் கொடுக்கவில்லை. மேல் கோரைப்பற்கள் இரண்டும் சரியான திசையில் இறங்குகின்றனவா என்று பார்க்க அடுத்த மாதம் ஒரு படம் எடுக்க வேண்டும். சனிக்கிழமை, பதினொரு மணிக்கு நேரம் வாங்கியிருக்கிறேன்.